குடியும் மனமும்: கேட்கப்படாத ஒரு கேள்வி

கோவையிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் கணபதியைக் கடக்காமல் போக முடியாது. டெக்ஸ்டூல் நிறுத்தம் தொடங்கிச் சாலையின் இருமருங்கிலும் சந்து சந்தாகப் பிரிந்து செல்லும் இப்பகுதியில் வார்ப்படச் சாலைகளும் லேத்துப் பட்டறைகளும் பம்பு உதிரிபாகக் கூடங்களும் நெருங்கிக் கிடக்கின்றன. உலைக்கு முன் நின்று உருகிய இரும்பை அச்சில் ஊற்றுகிறவர்களுக்குச் சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம். அந்த மாலையில் எந்தச் சந்தில் கூட்டம் கூடும் என்பதை இங்கே வசிப்பவர்கள் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாம் எழுத வந்தது அந்தக் கூட்டத்தைப் பற்றியன்று. அதிலிருந்த ஒருவரைப் பற்றி; அவரைச் சாக்காக வைத்து, நம் மருத்துவ அமைப்பு கேட்கத் தவறிய ஒரு கேள்வியைப் பற்றி.

நம் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தவர் அவர். பெயர் இங்கே அவசியமில்லை. வயது நாற்பத்திரண்டு. வார்ப்படச் சாலையில் மோல்டர். கைத்திறன் மிக்கவர் என்று பட்டறைக்காரர்களே சொல்வார்கள். தம்பி ஒரு சாலை விபத்தில் இறந்தபின் இரவில் உறக்கம் போயிற்று. உறக்கத்துக்காகக் குடி வந்தது. பிறகு காலையில் கைநடுக்கம் நிற்பதற்காகவும் குடி தேவைப்பட்டது. இவ்வளவும் நமக்குப் பின்னால் தெரிய வந்தவை. இரண்டாண்டுகளில் ஏழெட்டு முறையாவது அவர் அரசு மருத்துவ நிலையத்துக்குச் சென்றிருக்கிறார். வயிற்றெரிச்சல் என்றார், மாத்திரை தந்தார்கள். கால் மரத்துப்போகிறது என்றார். சத்து மாத்திரை தந்தார்கள். தூக்கமில்லை என்றார்; வேலைப்பளுவைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரத்த அழுத்தம் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், சீட்டில் குறித்தார்கள். ஒரு கேள்வியை மட்டும் எவரும் கேட்கவில்லை. அவரும் தாமாகச் சொல்லவில்லை.

அந்தக் கார்த்திகை முதல் தேதி, தாயாரின் வற்புறுத்தலால் அவர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். அன்றோடு குடியை அடியோடு நிறுத்தினார். நாற்பத்தொரு நாள் விரதம் மகனை மீட்டுத்தரும் என்று தாயார் நம்பினார். இரண்டாம் நாள் இரவு அவருக்கு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் சுவரில் பூச்சிகள் ஓடுவதாகக் கைகளை வீசினார், வியர்த்துக் கொட்டியது, இறந்துபோன தம்பியோடு பேசத் தொடங்கினார். விரதத்தில் ஏதோ பிழை நேர்ந்துவிட்டது என்றார் ஒருவர். காத்துக் கருப்பு என்றார் இன்னொருவர். மந்திரிக்க அழைத்துப் போனார்கள். ஐந்தாம் நாள்தான் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

"சாமிக்குப் பண்ணக் கூடாதது என்ன பண்ணிப் போட்டோம்னு ஒரு வாரமா அழுதுட்டே இருந்தனுங்க. குடிய ஒரேயடியா நிறுத்துனா இப்பிடி ஆகும்னு ஒருத்தராவது முன்னாலயே சொல்லியிருக்கலாமில்லைங்க?" என்று அவர் மனைவி நம்மிடம் கேட்டார்.

உயிர் பிழைத்தது. ஆனால் நடை தள்ளாடுகிறது. காலையில் சொன்னது மாலையில் நினைவிலில்லை. ஒரே கதையை ஒரு மணி நேரத்தில் மூன்று முறை சொல்கிறார். அச்சு மணலின் பதத்தை விரலால் அறிந்த அந்தக் கை இப்போது தேநீர்க் குவளையைப் பிடிக்கத் தடுமாறுகிறது.

*

இதில் மர்மம் ஒன்றுமில்லை. தெய்வக் குற்றமும் இல்லை. பல ஆண்டுகள் இடைவிடாது மதுவுக்குப் பழகிய நரம்பு மண்டலம், அது திடீரென நின்றால் கட்டுப்பாடிழந்து கொந்தளிக்கிறது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் மனக்குழப்பமும் மாயக் காட்சிகளும் தோன்றலாம். மருத்துவம் இதற்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயரிட்டிருக்கிறது. கவனியாமல் விட்டால் உயிரையே பறிக்கக்கூடியது. குடிப்பவர் எல்லோருக்கும் இது வருவதில்லை. ஆனால் யாருக்கு வரக்கூடும் என்பதைச் சில கேள்விகளால் முன்னரே ஓரளவு ஊகித்துவிட முடியும். காலையில் எழுந்ததும் குடிக்க வேண்டியிருக்கிறதா? முன்பு நிறுத்தியபோது நடுக்கமோ வலிப்போ வந்ததா? இவ்வளவுதான்.

சிகிச்சையும் எட்டாத உயரத்தில் இல்லை. டயஸெபாம், குளோர்டயஸெபாக்சைடு போன்ற மலிவான, பழைய மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் முதலில் போதிய அளவு கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின் என்னும் பி1 வைட்டமின். நெடுநாள் குடித்தவர்களின் உடலில் இது வற்றிப்போயிருக்கும். அந்தப் பற்றாக்குறை மூளையின் நினைவு மையங்களைத் தாக்கினால் இழந்த நினைவு பெரும்பாலும் முழுமையாகத் திரும்புவதில்லை. அத்தகைய ஒருவருக்கு வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகக்கூடும். தயமினும் உடன் போயாக வேண்டும். நம் அண்டை வீட்டாரின் நினைவைக் காப்பாற்றியிருக்கக்கூடியது ஒரு கேள்வியும் சில ரூபாய் விலையுள்ள ஓர் ஊசியும். இதை எண்ணும்போதெல்லாம் நமக்கு ஆற்றாமையே மிஞ்சுகிறது.

நாம் விரதத்தைப் பழிக்கவில்லை. மாலை போடுவதும், கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதும், குலதெய்வத்தின் முன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வதும் நம் மக்கள் தமக்கெனக் கண்டறிந்த வழிகள். ஊரறிய ஒரு வாக்குக் கொடுப்பதில் பெரும் வலிமை உண்டு; அதனால் மீண்டவர்களையும் நாம் அறிவோம். ஆனால் வாக்கு மனத்துக்குக் கட்டுப்படும். நரம்பு அவ்வளவு எளிதில் கட்டுப்படாது. மாலை போடுமுன் மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று குருசாமியே சொல்லும் காலம் வந்தால் அதைவிடச் சிறந்த ஒருங்கிணைப்பு வேறில்லை.

*

அவருடைய கதையின் பிற்பகுதி இன்னும் கசப்பானது. மருத்துவமனையிலிருந்து வந்தபின் அவருடைய மனச்சோர்வுக்கு, அதாவது தம்பியின் சாவிலிருந்து தொடங்கிய அந்தப் பழைய துயரத்துக்கு, சிகிச்சை தேடினார்கள். ஓரிடத்தில் முதலில் குடியை முற்றிலும் விடட்டும், பிறகு மனத்தைப் பார்க்கலாம் என்றார்கள். மற்றோரிடத்தில் மனநோய் இருப்பவரை இங்கே சேர்க்க மாட்டோம், முதலில் அதைச் சரிசெய்து வாருங்கள் என்றார்கள். இரண்டு வாசல்களுக்கும் நடுவே ஒரு குடும்பம் பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியுமாக அலைந்தது.

இது தனி மனிதர்களின் கல்நெஞ்சம் மட்டுமன்று, கோப்புகளின் பிரிவினையும்கூட. மாவட்ட மனநலத் திட்டம் சுகாதாரத் துறையின் கையில் இருக்கிறது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் போதை மறுவாழ்வு மையங்களுக்கு நிதியளிப்பது மத்திய சமூகநீதி அமைச்சகம். மது விற்பனையும் விழிப்புணர்வுப் பிரசாரமும் மாநில மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் பொறுப்பு. குடிப்பவரின் உடலில் இந்த மூன்றும் பிரிந்து கிடப்பதில்லை. துயரத்தால் குடிப்பவரும், குடியால் துயருறுபவரும், எது முதலில் வந்தது என்று தாமே அறியாதவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். அந்த வரிசை ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிநோயாளிகள் வரிசை.

சட்டம் இதை அறிந்தே இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையிலிருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மது மற்றும் போதைப் பொருள்களோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. மனநல சிகிச்சையை ஆரம்ப நிலை உள்ளிட்ட எல்லா நிலைகளிலும் பொது மருத்துவத்தோடு இணைக்க வேண்டும் என்று அதன் 18ஆம் பிரிவு அரசுகளுக்குக் கடமை விதிக்கிறது. இந்தச் சட்டத்துக்குப் பின்னால் தமிழகத்தின் ஒரு துயரமும் நிழலாடுகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் எரிந்து இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த குடும்பங்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அருகில், நடந்துபோகும் தூரத்தில், மருந்தும் பேச்சும் கிடைக்கும் இடம் அவர்களுக்கு இருந்ததா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

எண்களும் அதையே சொல்கின்றன. தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நிமான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மதுவால் கோளாறுற்றோரில் 86 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக நடத்தி 2019இல் வெளிவந்த ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்ததாகக் கூறுகிறது. 2022இல் தமிழகத்தில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நிலையில், எல்லோரையும் நிபுணரிடம் அனுப்புவோம் என்பது ஒருவரையும் அனுப்பமாட்டோம் என்பதற்குச் சமம்.

*

செய்ய முடியுமா? இந்த ஐயத்தை நாம் அடிக்கடி எதிர்கொள்கிறோம். ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள் என்பதே விடை.

1970களின் நடுப்பகுதியிலேயே பெங்களூருக்கு அருகே சக்கலவாராவிலும் சண்டிகருக்கு அருகே ராய்ப்பூர் ராணியிலும் சாதாரணக் கிராம மருத்துவ ஊழியர்களைக் கொண்டு மனநோய்க்குச் சிகிச்சையளிக்கும் சோதனைகள் நடந்தன. 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. பெல்லாரி மாவட்ட அனுபவத்தைக் கொண்டு 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் உருவானபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு மாவட்டங்களுள் நம் திருச்சியும் ஒன்று.

மதுவைப் பொறுத்தவரை மிகத் தெளிவான சான்று கோவாவிலிருந்து வந்தது. விக்ரம் படேலும் அவரது குழுவினரும் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில், தீங்கு தரும் அளவு குடிக்கும் 377 ஆண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். பேசியவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஒருவரோடு அதிகபட்சம் நான்கு அமர்வுகள். மூன்று மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 26 சதவீதம் பேர் அபாய எல்லையிலிருந்து மீண்டிருக்க, ஆலோசனையும் பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். லான்செட் இதழ் 2017இல் இதை வெளியிட்டது. அற்புதம் ஒன்றுமில்லைதான். நூற்றில் பத்துப் பேர் கூடுதல். ஆனால் கணபதியின் ஒரு தெருவில் அந்தப் பத்துப் பேர் யார் யார் என்று நம்மால் முகங்களை எண்ணிப் பார்க்க முடிகிறது. அந்த ஆய்வு, ஏற்கெனவே முற்றிலும் அடிமையாகிவிட்டவர்களுக்கானதன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முற்றியவர்களுக்கு மருந்தும் படுக்கையும் நிபுணரும் வேண்டும். முற்றும்முன் பிடிப்பதே ஆரம்ப நிலையத்தின் வேலை.

தமிழகத்திலும் முன்னோடிகள் இருக்கிறார்கள். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளை, 1980களின் இறுதியில் மஞ்சக்குடி கிராமத்துக்குச் சென்று அங்கேயே முகாமிட்டுச் சிகிச்சையளித்தது. நோயாளியை அவருடைய ஊரிலிருந்து பெயர்த்தெடுக்காமல், ஊரையே சிகிச்சையின் பகுதியாக்கிய முயற்சி அது.

இப்போது அடித்தளமும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டுவாசலுக்கே கொண்டுவருகிறது. 2023 ஜூனில் திறக்கப்பட்ட 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலையும் மாலையும் இயங்கும்படி அமைக்கப்பட்டன. பட்டறைத் தொழிலாளிக்கு அந்த மாலை நேரமே உயிர்நாடி. 14416 என்ற எண்ணில் தொலைபேசி மனநல ஆலோசனை 2022 முதல் கிடைக்கிறது. 2025 பிப்ரவரியில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை மாநில அரசு திறந்தது. இவை யாவும் வரவேற்கத்தக்கவை. எனினும் கலங்கரை விளக்கம் துறைமுகத்தில்தான் நிற்கும். நடுக்கடலில் தத்தளிப்பவனுக்கு அருகில் ஒரு படகு வேண்டும். அந்தப் படகு சுகாதார நிலையமே.

*

இனி எதிர்வாதங்கள்.

முதலாவது, மதுக்கடைகளை மூடினால் போதும், இந்த வைத்தியமெல்லாம் எதற்கு என்பது. கொங்கு மண்ணில் இந்த வாதத்துக்கு ஆழ்ந்த வேர் உண்டு. ஈரோட்டில் 1921இல் நடந்த கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் துணைவியார் நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றார்கள். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்துக் காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற மாத இதழை நடத்தினார்; அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி. தமிழின் பெரும் வெகுஜன எழுத்தாளர் ஒருவர் கொங்கு நாட்டுக் குடிப் பிரச்சினையில் கைதேர்ந்தார் என்பது நம் இலக்கிய வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத செய்தி. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில்தான் முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது.

அந்த மரபை நாம் மதிக்கிறோம். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையைத் தன் கையில் எடுத்துக்கொண்ட டாஸ்மாக்கின் மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய், 2003-04இல் சுமார் 3,600 கோடி ரூபாயாக இருந்தது. 2023-24இல் 45,000 கோடியைத் தாண்டிவிட்டது. கடைகள் குறைய வேண்டும், நேரம் குறைய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை. மதுவிலக்குக்காகப் போராடி 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டத்தில் உயிர்நீத்த சேலத்துச் சசிபெருமாளை நாம் மறக்கவில்லை. ஆனால் கடையை மூடுவதும் நோயாளிக்குச் சிகிச்சையளிப்பதும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. 2020 ஊரடங்கில் கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது வார்னிஷைக் குடித்து இறந்தவர்கள் தமிழகத்திலேயே இருந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. நாளை முழு மதுவிலக்கு வருமானால், அன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் இன்றைக்குவிட ஆயத்தமாக இருந்தாக வேண்டும். மதுவிலக்கைக் கோருகிறவர்களே இதையும் முதலில் கோர வேண்டியவர்கள்.

இரண்டாவது வாதம் மருத்துவர்களுடையது. ஒரு காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்க்கிறோம், குடியையும் கவலையையும் எப்போது கேட்பது என்கிறார்கள். நியாயமான முறையீடு. மருத்துவப் பட்டப்படிப்பில் மனநல மருத்துவத்துக்குத் தனித் தேர்வுத்தாள்கூட இல்லை. பயிற்சியே தராமல் குறை சொல்வதும் முறையன்று. ஆனால் கேட்க வேண்டியவர் மருத்துவராகவே இருக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1980களில் உருவாக்கிய ஆடிட் என்னும் வினாநிரல் வெறும் பத்துக் கேள்விகள் கொண்டது. இரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியரே அதில் முதல் மூன்றைக் கேட்டுவிட முடியும். தேவைப்படுவோரிடம் மட்டும் மிச்சத்தைக் கேட்கலாம். மேலும், கேட்காததனால் மிச்சமாகும் நேரம் என்று ஒன்று உண்மையில் இல்லை. அடியில் இருக்கும் காரணத்தைத் தொடாமல் ஏழெட்டு முறை வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை கொடுத்தார்களே, அந்த நேரம் யாருடைய கணக்கில் போயிற்று?

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வீடுவீடாகச் செல்லும் பெண் தன்னார்வலர்கள்மீது இதையும் சுமத்திவிடலாம் என்று நினைப்பது அநீதி. சொற்பத் தொகைக்கு உழைக்கும் ஒரு பெண், பக்கத்து வீட்டு ஆணிடம் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு அதே தெருவில் வாழ வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கு முறையான ஊதியமும் பாதுகாப்பும் பெற்ற ஆலோசகர்கள் தேவை.

மூன்றாவது வாதம் நம் இலக்கிய நண்பர்களுடையது. மனிதத் துயரத்தையெல்லாம் நோயாக்கி மாத்திரைக்குள் அடக்குவது மேற்கத்திய மருத்துவத்தின் ஆதிக்கம் என்பார்கள். கூலி, கடன், சாதி, தனிமை ஆகியவற்றை மறைக்கவே மனநோய் என்ற சொல் பயன்படுகிறது என்பார்கள். இதை நாம் எளிதாக ஒதுக்கிவிடவில்லை. உலைச்சூட்டில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவனின் அலுப்புக்கு மாத்திரை விடையாகாது. எனினும், துயரத்துக்குச் சமூகக் காரணம் உண்டு என்பதால் துயருறுபவருக்கு இன்றிரவு உறக்கம் வேண்டாம் என்றாகிவிடாது. காசநோயும் வறுமையின் நோய்தான். அதனால் வறுமை ஒழியும்வரை மருந்தை நிறுத்திவைப்போம் என்று எவரும் சொல்வதில்லை. 2003இல் மறைந்த கோபிகிருஷ்ணன் மனநோயாளிகளின் பேச்சையே பொருளாகக் கொண்டு 'உள்ளேயிருந்து சில குரல்கள்' எழுதினார். சமூகப்பணியும் அறிந்தவர், மனநலிவின் வேதனையைத் தம் வாழ்விலும் கண்டவர். அந்தக் குரல்களுக்கு அவர் செய்தது செவி கொடுத்தது. நல்ல ஆரம்ப சிகிச்சையும் அடிப்படையில் அதுவே: ஒருவரைத் தீர்ப்பு வழங்காமல் சில நிமிடங்கள் கேட்பது.

*

நாம் கோருவது மலையைப் பெயர்க்கும் காரியமன்று.

ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிநோயாளிச் சீட்டிலும் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பக்கத்தில் குடிக்கும், உறக்கத்துக்கும், மனச்சோர்வுக்கும் இடமிருக்க வேண்டும். ஆணிடம் மட்டுமன்று, பெண்ணிடமும் கேட்க வேண்டும். சர்க்கரை மாத்திரை வாங்கவரும் மனைவிக்கு ஏன் உறக்கமில்லை என்ற கேள்வியிலிருந்தே பல வீடுகளின் கதவு திறக்கும். தயமினும், குடியை நிறுத்தும்போது தேவைப்படும் மருந்துகளும் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். வலிப்பு வந்த வரலாறு உள்ளவரை உடனே மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் ஒழுங்கு வேண்டும். ஆலோசகர் ஒருவர் வாரத்தில் இரண்டு மாலைகளாவது, குறிப்பாகச் சம்பள நாளையொட்டி, கதவு மூடிய ஓர் அறையில் அமர வேண்டும். கதவு மூடியிருப்பது முக்கியம்; வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்த ஊர் இது. மாவட்ட மனநல மருத்துவர் தொலைபேசியில் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குடிக்கும் மனத்துக்கும் ஒரே கோப்பு வேண்டும். முதலில் அதை முடித்துவிட்டு வா என்று எந்த வாசலும் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

இதற்கான பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு, 45,000 கோடி என்ற எண்ணை மீண்டும் ஒருமுறை படித்துப்பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

எழுதுகிறவர்களாகிய நமக்கும் ஒரு பங்குண்டு. குடிகாரன், பைத்தியம் ஆகிய இரு சொற்களும் நம் கதைகளிலும் திரைப்படங்களிலும் பட்டிமன்றங்களிலும் சிரிப்பை வரவழைக்கப் பயன்பட்டவை. அந்தச் சிரிப்பின் நினைவோடு ஒருவர் சுகாதார நிலையத்துக்குள் நுழையும்போது வயிற்றெரிச்சல் என்றுதான் சொல்வார். செவிலியரும் அதையே எழுதிக்கொள்வார். குடிநோயாளி என்ற சொல் புழக்கத்துக்கு வந்து பல காலமாகியும் அது இன்னும் நம் நாவில் தங்கவில்லை.

சென்ற வாரம் அவரைத் தெருமுனையில் பார்த்தோம். மனைவி கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். நம்மைக் கண்டதும் மலர்ந்து, "தம்பி ஊர்ல இருந்து வந்துட்டானுங்களா?" என்று கேட்டார். மனைவி நம்மைப் பார்த்தார். வந்துவிடுவான் என்று சொல்வதைத் தவிர நமக்கு வேறு வழி தெரியவில்லை.